நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில்

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாசுக் கம்பெனிக் கிணற்றின் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு நர்ஸம்மா என்னிடம் காலி பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். அதில் நான் கிணற்றுத் தண்ணீரை நிரப்பவில்லை. ஆபீஸ் டிரம்மில் கிடந்த லாரித் தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகி, லேபிளில் ‘கம்பெனிக் கிணறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அதை நம்பி ஒரு சிற்றூர் முழுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. நானும் குடித்தேன்.

பிற்பாடு எனக்குத் தைராய்டும் ஈரலும் கெட்டன. அந்தத் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இன்றுவரை எந்த டாக்டரும் எனக்கு உறுதியாகச் சொல்லவில்லை. இதே தொந்தரவுகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெளிவான பதில் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போகக்கூடும். என்னிடம் அது இல்லை.

வேதியியல் படித்துவிட்டு எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு ஆண்டுகள் கெமிஸ்டாக இருந்தேன். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. துவரம்பருப்பு வேகிற தண்ணீர் கிடைத்துவிட்டால் அதுதான் நல்ல தண்ணீர். அதற்குமேல் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கம்பெனிக் கிணற்றில் பருப்பு பூப்போல வேகும். முதலாளி காம்பவுண்டுக்கு வெளியே ஊருக்காக ஒரு குழாய் வைத்துக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு நாளைக்கு ஒருமுறை சிவகாசியில் என் வீட்டுக்குக் கம்பெனி வேனில் இரண்டு கேன் வந்துகொண்டிருந்தது. அதை எனக்கான மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் தண்ணீர்தான் காவல். வெடிமருந்து கலக்கும் அறையில் சிந்திய பொடியை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது. ஓர் உரசல் போதும். தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் கழுவ வேண்டும். தினமும் மாலையில் வேலை முடிந்ததும் கழுவுவார்கள். “தண்ணில விழுந்தா மருந்து செத்துரும்” என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பேன். நெருப்பைப் பொறுத்தவரை அது உண்மை. கழுவிய தண்ணீரை ஊற்ற ஒரு குழியும் தோண்டச் சொன்னேன். வாளி தூக்கும் பெண்களுக்குத் தூரம் குறையட்டும் என்று அறைக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினேன். அது கிணற்றுக்கு மேட்டுப்பக்கம். செத்த மருந்துதானே என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

பெர்குளோரேட் (பட்டாசு எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பு) தண்ணீரில் விழுந்தால் சாவதில்லை. கரைகிறது. கரைந்து நடக்கிறது. நான் படித்த பாடத்தில் இது இருந்தது. பரீட்சையில் எழுதக்கூட எழுதியிருப்பேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு வந்த கிராமச் செவிலியர், பெண்கள் சிலருக்குக் கழுத்து வீங்கியிருப்பதைக் கவனித்தார். என்னிடம் வந்து, “சார், நீங்களே தண்ணி பிடிச்சு லேபிளும் எழுதிருங்க. கெமிஸ்ட் கையெழுத்துன்னா லேப்ல மறுபேச்சு இருக்காது. வெடி உப்பு எதுவும் கலந்திருக்கான்னு பாக்கச் சொல்லிருக்கேன்” என்றார். அது ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. அந்த நேரத்தில் ஒரு கெட்ட ரிப்போர்ட் வந்தால் கம்பெனியை மூடுவார்கள், எல்லோருக்கும் வேலை போகும் என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தெரிந்து செய்தேனா? இந்த இடத்தில் எனக்கு இரண்டு நினைவுகள் இருக்கின்றன. ஒன்றில் நான் நேராக ஆபீஸ் டிரம்முக்குப் போகிறேன். இன்னொன்றில் முதலில் கிணற்றுக்குப் போய்ப் பாட்டிலை நிரப்புகிறேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன், அப்புறம் கீழே ஊற்றுகிறேன். எது நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நோய் என் நினைவைக் கலைத்துவிட்டது. கலைந்த நினைவில் எனக்குச் சாதகமானதை நான் பொறுக்கிக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

ரிப்போர்ட்டை முதலாளி லேமினேட் செய்து பம்ப் ரூம் கதவில் ஒட்டினார். நாள்தோறும் அதைக் கடந்து போனேன். சில மாதங்களில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். இதை வாசகர்கள் நம்புவது கடினம். ஆனால் அப்படித்தான் ஆனது.

நோய் குளிராகத்தான் வந்தது. சித்திரை மாதத்து வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லி மனைவி சௌந்தரத்தோடு சண்டை போட்டேன்.

“என்னங்க, ஊரே வெந்துக்கிட்டுக் கிடக்கு. நீங்க சுவெட்டரைப் போட்டு உக்காந்திருக்கீக. பாக்குறவுக என்ன நினைப்பாக?”

“ஊட்டின்னு நினைச்சுக்கிடட்டும்” என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வெகு நேரம் ஆனதாக அவள் பின்னால் சொன்னாள். அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேனாம்.

குரல் கரகரத்தது. முகம் உப்பியது. பத்திரிகையில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று, ஏறிக்கொண்டிருந்தேனா இறங்கிக்கொண்டிருந்தேனா என்று யோசித்திருக்கிறேன். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. (ஈரல் செல்கள் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள், இவற்றில் முதலாவது தசையிலிருந்தும் வரும்) இரண்டும் ஏறியிருந்தன. அவர் காகிதத்தைப் பார்த்தார். என் உப்பிய முகத்தைப் பார்த்தார்.

“எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?”

“நான் குடிக்கிறதில்ல டாக்டர்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. அம்மா, நீங்க சொல்லுங்க.”

சௌந்தரம், “காப்பியே அரை டம்ளர்தான் டாக்டர். அதையும் ஆறவச்சுக் குடிப்பாக” என்றாள். அவர் சிரித்தார். நம்பவில்லை. ஈரலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீடு திரும்பும்போது ஆட்டோவில் சௌந்தரம் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: “நெசமாவே இல்லல்ல?” நாற்பத்திரண்டு ஆண்டுகள் கூட வாழ்ந்தவள். அந்தக் கேள்விக்கு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. என்னைப் பற்றி எதுவும் உறுதியில்லாதது போல நானே யோசித்தேன்.

அந்த மாத்திரைகளோடு நான்கு மாதம் போயிற்று. கீழாநெல்லியும் அரைத்துக் குடித்தேன். எண்கள் இறங்கவில்லை. கடைசியில் உறவினர் ஒருவர் சொல்லி விருதுநகரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அவர் என் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வர நேரம் எடுத்தது.

“உங்க கால் யோசிச்சு யோசிச்சு வருது சார்” என்றார். “ஈரல்ல ஆரம்பிக்கல இது.”

டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு சோர்ந்தால் இது ஏறும்) பார்த்தார்கள். ஐந்துக்குள் இருக்க வேண்டியது எனக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி உடம்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அது ஓய்ந்தால் இதயம், குடல், மூளை, தசை எல்லாமே மெதுவாகும். ஈரலும் அப்படியே. தைராய்டு தரும் ஹார்மோனை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதில் ஈரலுக்குப் பங்கு உண்டு என்றும், ஒன்று கெட்டால் மற்றொன்றின் எண்களும் குழம்பும் என்றும் டாக்டர் விளக்கினார்.

பிறகு என் வேலையைக் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

“பெர்குளோரேட் கையாண்டிருக்கீங்களா?”

“முப்பத்தோரு வருஷம்.”

“தைராய்டுக்குள்ள அயோடின் போறதுக்கு ஒரு வாசல் இருக்கு. பெர்குளோரேட் அந்த வாசல்ல முந்திக்கிட்டு நிக்கும். அயோடின் உள்ள போகாது. அயோடின் இல்லாம ஹார்மோன் இல்ல. உங்க கெமிஸ்ட்ரிதான் சார்.”

“அப்ப எனக்கு வந்தது அதனாலதானா?”

“சொல்ல முடியாது. உங்க வயசுல எதுவும் இல்லாமலே வரும். நீங்க கம்பெனியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு. அது உடம்புல தங்குற சரக்கு இல்ல. நிப்பாட்டினா சில நாள்ல வெளிய போயிரும்.”

நிறுத்தவில்லையே என்று நினைத்தேன். இரண்டு நாளைக்கு இரண்டு கேன். ஆனால் அதை அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. கேட்டது வேறு: “தண்ணியில இருந்தா யாருக்கு ரொம்ப ஆபத்து டாக்டர்?”

“கர்ப்பிணிகளுக்கு. முதல் சில மாசம் வயித்துப் பிள்ளைக்குச் சொந்தத் தைராய்டு கிடையாது. அம்மாகிட்ட இருந்துதான் வாங்கிக்கணும். பிள்ளை மூளை வளர்ற நேரம் அது.”

லெவோதைராக்சின் (சுரப்பி தராத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அரை மணி நேரத்துக்குக் காப்பிகூடக் கூடாது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் இரண்டு வாரம் காப்பியோடு விழுங்கி வீணாக்கினேன்.

சௌந்தரத்துக்கும் ரத்தம் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

“ஒரே கேன் தண்ணிதான் ரெண்டு பேரும் குடிச்சோம். தண்ணிக்குமா ஆள் அடையாளம் தெரியும்?” என்று கேட்டாள். பாட்டில் விஷயத்தை அன்றுதான் அவளிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, “எனக்கு ஒண்ணும் வரலைன்னதும் உங்களுக்கு நிம்மதியா இருக்கா, சங்கடமா இருக்கா?” என்றாள். அவளுக்கும் வந்திருந்தால் தண்ணீர்தான் காரணம் என்று முடிவுக்கு வந்திருப்பேன். வராததால் நான் குற்றமற்றவன் என்றும் ஆகவில்லை. இந்த நோயில் எனக்குக் கிடைத்த ஒவ்வொரு எண்ணும் இப்படித்தான் இரண்டு பக்கமும் பேசியது.

தலை தெளிய ஆறு வாரம் பிடித்தது. எஸ்.ஜி.ஓ.டி. இறங்கியது. மற்றது இறங்கவில்லை. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு இருப்பது தெரிந்தது. அது தைராய்டாலா, வயதாலா, பழைய ரசாயனங்களாலா என்று கேட்டேன். “மூணும் இருக்கலாம், மூணும் இல்லாமலும் இருக்கலாம்” என்றார் டாக்டர்.

தலை தெளிந்த வாரத்தில் வேன் டிரைவரிடம் இனிமேல் கேன் வேண்டாம் என்றேன்.

“ஏன் சார் வேண்டாங்கீக? அம்புட்டு நல்ல தண்ணி. நம்ம பேச்சியக்கா மருமக ரெண்டாவது முழுகாம இருக்கு. அதுவே இந்தத் தண்ணியத்தான குடிக்கி?”

பேச்சியம்மாள் எங்கள் கலவை அறையைப் பதினெட்டு ஆண்டுகள் கழுவியவள். அவளுடைய மருமகள் செல்வியின் முதல் பெண் முத்துமாரிக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வரவில்லை என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். நான் பாட்டிலை மாற்றிய பிறகு வயிற்றில் வளர்ந்த பிள்ளை அவள். இப்போது இன்னொன்று. டிரைவர் போன பிறகு நான் வாசலிலேயே நின்றேன். முதல் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதற்கு நடக்காமல் தடுக்க இன்னும் நேரம் இருந்தது. அதற்கு நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். பேச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார், வாங்க. என்ன சார், முகம் இப்படி வத்திப்போயிருக்கு? அம்மா சோறு போடுதாகளா இல்லையா?” என்று சிரித்தாள். “ஏட்டி செல்வி, சாருக்குத் தண்ணி கொண்டா.”

செல்வி சொம்போடு வந்தாள். வயிறு இன்னும் தெரியவில்லை. நான் கையை நீட்டவில்லை.

“வேண்டாம்மா.”

பேச்சியின் முகம் மாறியது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீரை மறுப்பது லேசான விஷயம் இல்லை. “ஏன் சார், எங்க வீட்டுத் தண்ணி ஆகாதோ? முப்பது வருஷம் ஒரே கிணத்துலதான குடிச்சோம்? ரிட்டேர் ஆனதும் பெரிய மனுசனாயிட்டீகளோ?”

“பேச்சி, அது இல்ல. அந்தத் தண்ணியை நான் குடிக்க மாட்டேன். நீங்களும் குடிக்கக் கூடாது. முக்கியமா செல்வி குடிக்கக் கூடாது.”

“ஏன், நாய் பூனை எதுவும் விழுந்து கிடக்கா?”

“மருந்து கலந்திருக்குன்னு நினைக்கேன்.”

“நீங்கதான சார் நல்ல தண்ணின்னு எழுதி ஒட்டினீக? கதவுல இன்னமும் கிடக்கு.”

“அது பொய். நர்ஸம்மா குடுத்த பாட்டில்ல நான் லாரித் தண்ணியை ரொப்பிக் குடுத்துட்டேன்.”

அவள் சிரித்தாள். “சார் தமாசு பண்ணுதாரு” என்று செல்வியிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த குழாயை முடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்த காகிதத்தை எடுத்தாள். உருட்டவில்லை.

“தண்ணில விழுந்தா மருந்து செத்துரும்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அந்தக் குழில தினமும் வாளி வாளியா ஊத்துனது யாரு சார்? நான்லா? செத்ததுன்னு நினைச்சு ஊத்துனேன். அப்ப அம்புட்டையும் உசுரோடயா ஊத்திருக்கேன்?” குரல் உயரவில்லை. “எங்கையாலயே எம்பேத்திக்கு ஊத்திருக்கேனா?”

நான் அவளிடம் என் பாவத்தை இறக்கி வைக்கப் போயிருந்தேன். அதில் பாதியை அவள் தலையில் ஏற்றிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. “உன் மேல தப்பில்ல பேச்சி” என்றேன். அந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை.

முத்துமாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பேச்சி அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, செல்வி கையிலிருந்த சொம்பை வாங்கி, தெருவில் கொட்டினாள். “எந்திரிச்சுப் போங்க சார். எம் மகன் வாரதுக்குள்ள போயிருங்க. அவன் என்னைய மாதிரி பேசிக்கிட்டு இருக்க மாட்டான்.”

தெருவில் இறங்கி நடந்தேன். பின்னால் செல்வியின் குரல் கேட்டது: “அத்தை, டெஸ்டு எடுத்துப் பாத்தாத்தான் என்ன?”

அவர்கள் எடுத்தார்கள். இப்போதுள்ள செவிலியர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். செல்வியின் டி.எஸ்.எச். என் அளவுக்கு இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு இருக்கக் கூடாத அளவு இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்தச் சொன்னார்கள். இதைச் செவிலியர் போனில் சொன்னபோது எனக்கு ஏற்பட்டதை நிம்மதி என்று சொல்ல வாய் வரவில்லை.

கிணற்றையும் உள்ளபடி சோதித்தோம். இந்த முறை பாட்டிலைச் செவிலியரே நிரப்பினார். நான் தள்ளி நின்றேன். வெடி உப்பு இருந்தது. அவ்வளவு இருந்தால் கெடுதலா என்பதில் பரிசோதனைக் கூடத்தார் ஒன்று சொன்னார்கள், டாக்டர் வேறொன்று சொன்னார். அளவுகோல் ஒவ்வொரு நாட்டிலும் வேறாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, இப்போது கம்பெனியை நடத்தும் முதலாளியின் மகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். மறுநாள் ஊர்க்குழாயை அறுத்து அடைத்துவிட்டார். கழுவுதண்ணீர்க் குழி அப்படியே இருக்கிறது. பம்ப் ரூம் கதவிலிருந்த காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள்.

ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர் வருகிறது. வராத நாளும் உண்டு. பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என்னை வைகிறார்கள். “இருந்த தண்ணியவும் நிப்பாட்டிட்டுப் போயிட்டாருல்லா” என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நான் மறைத்தபோது அவர்களுக்குத் தண்ணீராவது இருந்தது.

செல்விக்கு ஆண்குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளில் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்க முடியும். கேட்டு எடுக்கச் சொல்லியிருந்தோம். பிரசவத்துக்குக் காத்திருக்கும் எல்லோரும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். அவள் வந்தது அதுதான் முதல்முறை. சௌந்தரம் உள்ளே கூப்பிட்டும் படியிலேயே நின்றாள். மஞ்சள் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினாள்.

“இங்கிலீசுல இருக்கு. படிச்சுச் சொல்லுங்க. இந்தத் தடவ உள்ளதைச் சொல்லுங்க.”

முதல் காகிதம் குழந்தையுடையது. இரண்டு முறை படித்தேன். “நல்லா இருக்கு பேச்சி. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “அடுத்ததையும் படிங்க.”

அது முத்துமாரியுடையது. “இதுவும் சரியாத்தான் இருக்கு. இப்ப தைராய்டு சரியா வேலை செய்யுது.”

“இப்பச் சரியா இருக்கு. வயித்துல இருக்கையில?”

“தெரியாது.”

“மாத்திரை போட்டுப் பெத்தது நல்லா இருக்கு. மாத்திரை இல்லாமப் பெத்தது பேச மாட்டேங்கு. அப்ப என்ன அர்த்தம்? நீங்க படிச்சவுகதான, சொல்லுங்க.”

“அது காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எத்தனையோ பிள்ளைகளுக்கு வேற காரணத்தாலயும் பேச்சு தள்ளிப்போகுது. அன்னைக்கு உள்ளபடி தண்ணியைக் குடுத்திருந்தேன்னா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இனிமே யாராலயும் சொல்ல முடியாது பேச்சி.”

இதைவிட மோசமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. இதைவிட உண்மையான பதிலும் இல்லை. சௌந்தரம் உள்ளிருந்து மோர் கொண்டுவந்தாள். பேச்சி அதை வாங்கவில்லை. காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள்.

“விருதுநகர்ல பேச்சு சொல்லிக் குடுக்குற இடம் இருக்காம்லா. நர்ஸம்மா சொல்லுச்சு. எனக்கு அங்கன வழி தெரியாது. வியாழக்கெழம வியாழக்கெழம கூட்டிட்டுப் போவீகளா?”

“போறேன்.”

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிடாதீக.”

“நினைக்கல.”

இப்படியாக ஒவ்வொரு வியாழனும் போகிறோம். பேச்சியும் பேத்தியும் பஸ்ஸில் முன்னால் உட்காருவார்கள். நான் பின்னால். இறங்கியதும் வழிகாட்ட நான் முன்னால் நடப்பேன். பேசிக்கொள்வது குறைவு. என் உடம்பு இப்போது ஆறு வாரத் தவணைகளில் நடக்கிறது. மாத்திரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் பலன் தெரிய அத்தனை நாள் ஆகும். இன்று நான் உணரும் களைப்பு சென்ற மாதத்துடையதா என்று யோசிப்பது வழக்கமாகிவிட்டது. ஈரலின் அந்த ஓர் எண் இன்னும் இறங்கவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண் படங்களைக் காட்டி முத்துமாரியிடம் இது என்ன, இது என்ன என்று கேட்பார். பிள்ளை படத்தைப் பார்ப்பாள். பதில் வராது. பேச்சிக்கு இருப்புக்கொள்ளாது. “ஆடுன்னு சொல்லுடி, ஆடு” என்று முந்திக்கொள்வாள். அவள் முந்தியதும் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள்.

சென்ற வியாழன் அப்படி அவள் வாயெடுத்தபோது நான் கையை நீட்டித் தடுத்தேன். “இரு பேச்சி. அவளுக்குக் கேட்டிருக்கு. பதில் வந்துக்கிட்டு இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் எட்டு மாசம் அப்படி இருந்தேன்.”

அந்த மந்தம் எனக்குள் இருந்த நாட்களை அவளுக்கு எப்படிச் சொல்வது? கேள்வி காதில் விழும். பதில் எங்கோ தொலைவில் எழுந்து நடக்கத் தொடங்கும். அது வந்து சேர்வதற்குள் எதிரே இருப்பவர் வேறொன்றைக் கேட்டுவிடுவார். அவசரப்படுத்தாத ஓர் ஆள் மட்டும் போதும் என்று அப்போது எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். முத்துமாரிக்குள் நடப்பது அதுதானா என்று எனக்குத் தெரியாது. வேறாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது காத்திருப்பது ஒன்றுதான்.

பேச்சி என்னை முறைத்தாள். ஆனால் பேசவில்லை. பயிற்சியாளரும் படத்தை இறக்கவில்லை. அறையில் யாரும் அசையவில்லை. வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, புறப்பட்டுப் போனது.

பிறகு முத்துமாரி சொன்னாள்: “ஆடு.”